பர்மிட் இருக்கு என்றால் எது இருக்கிறது?

மலேசியாவில், கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். “அண்ணே, எனக்குப் பர்மிட் இருக்கு. ஆனா இன்னும் ரெண்டு வாரத்துல முடியுதுன்னு கடைக்காரர் சொல்றார். புதுப்பிக்க எவ்வளவு ஆகும்?”

கடப்பிதழில், அதாவது பாஸ்போர்ட்டில், விழுந்திருந்த முத்திரையின் படம் அது. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு விமான நிலையத்தில் குத்தும் 30 நாள் முத்திரை. அவர் வந்து 16 நாள் ஆகியிருந்தது. வந்த மறுநாளிலிருந்து ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். ஊரில் ஏஜென்டுக்குப் பணம் கட்ட அம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போயிருந்தது.

அவரிடம் புதுப்பிக்க எதுவுமே இல்லை. அதை அவருக்குப் புரியவைக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. குற்றம் அவருடையது இல்லை. இந்த ஊரில் நாம் எல்லோரும் எல்லாத் தாளையும் ‘பர்மிட்’ என்று ஒரே சொல்லால் அழைக்கிறோம். முத்திரையும் பர்மிட்தான், வேலை அனுமதியும் பர்மிட்தான், பணம் கட்டிய ரசீதும் பர்மிட்தான். சட்டத்தில் இவை வேறு வேறு. அந்த வேறுபாடு தெரியாமல்தான் பலர் பணத்தையும், சில சமயம் சுதந்திரத்தையும் இழக்கிறார்கள். அதனால் அடியிலிருந்து விளக்கப் பார்க்கிறேன்.

பிளாட்பாரம் டிக்கெட்டும் ரயில் டிக்கெட்டும்

நம் ஊர் ரயில் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பிளாட்பாரம் டிக்கெட் வாங்கினால் உள்ளே போகலாம், பெட்டி தூக்கிக் கொடுக்கலாம், வழியனுப்பலாம். ரயிலில் ஏற முடியாது. “நானும் டிக்கெட் வைத்திருக்கிறேன்” என்று பரிசோதகரிடம் சொன்னால் அது உண்மைதான், ஆனால் பயனில்லை. அந்த டிக்கெட் எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அதற்கு மட்டும்தான் செல்லும்.

அந்தத் தம்பியிடம் இருந்தது பிளாட்பாரம் டிக்கெட். அவர் ரயிலுக்குள் உட்கார்ந்திருந்தார்.

மூன்று சொற்கள்

விசா என்பது வருவதற்கான முன் அனுமதி. எல்லை வரை வந்து கதவைத் தட்டலாம் என்று மலேசியா சொல்லும் சம்மதம். இந்தியர்கள் 30 நாள் வரை தங்க விசாவே தேவையில்லை என்று 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா தளர்த்தியது. பிறகு அதை 2026 இறுதி வரை நீட்டித்தது. ‘விசா இல்லாமலே போகலாம்’ என்ற இந்தச் செய்திதான் ஊரில் ‘விசா இல்லாமலே வேலைக்குப் போகலாம்’ என்று திரிந்துவிட்டது.

பாஸ் என்பது உள்ளே வந்தபின் தங்குவதற்கான அனுமதி. எவ்வளவு நாள், எதற்காக, யாரிடம் என்ற மூன்றும் அதில் இருக்கும். சுற்றிப் பார்க்க வருகிறவருக்குக் கிடைப்பது சமூக வருகைப் பாஸ். உணவகம், தொழிற்சாலை, கட்டுமானம், தோட்டம் போன்ற துறைகளில் வேலை செய்கிறவருக்குத் தற்காலிக வேலைப் பாஸ். மலாய்ச் சுருக்கத்தில் ‘பி.எல்.கே.எஸ்.’ என்பார்கள். என்னைப் போல அலுவலக வேலைக்கு வந்தவர்களுக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ். நாம் ‘பர்மிட்’ என்று சொல்வது பெரும்பாலும் இந்தப் பாஸைத்தான்.

சட்டத்தில் ‘என்ட்ரி பர்மிட்’ என்று வேறொன்று உண்டு. அது நிரந்தரமாக வசிக்கும் அனுமதி. அது கிடைத்தவருக்குத்தான் சிவப்பு அடையாள அட்டை. ஆக, வேலைக்கு வந்த நம்மில் ஏறக்குறைய யாரிடமும் சட்டப்படி ‘பர்மிட்’ கிடையாது.

இந்தச் சொல்லுக்கு இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் ஒரு பழைய வடுவும் உண்டு. 1968இல் வந்த வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பர்மிட் வாங்க வேண்டும் என்றது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தும் குடியுரிமைத் தாள் இல்லாமல் இருந்தவர்கள் எத்தனையோ பேர். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். செந்தூலில் வயதான ஒருவர் ‘பர்மிட்’ என்று சொல்லும்போது குரல் மாறினால் காரணம் அதுவாக இருக்கலாம்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: விசா வாசல் வரை, பாஸ் உள்ளே தங்க, என்ட்ரி பர்மிட் நிரந்தரமாக. உங்கள் கையில் இருப்பது எது என்று முதலில் பாருங்கள்.

‘விசிட்ல போ, அங்க மாத்திக்கலாம்’

ஏஜென்டுகள் அதிகம் சொல்லும் பொய் இதுதான். சமூக வருகைப் பாஸில் வந்தவர் அதை இங்கிருந்தபடி தற்காலிக வேலைப் பாஸாக மாற்றிக்கொள்ள வழக்கமான வழி கிடையாது. வேலைப் பாஸ் எதிர்த்திசையில் நடக்கிறது. முதலில் இங்குள்ள முதலாளி அனுமதி வாங்குவார். அந்த அனுமதியை வைத்துத் தொழிலாளிக்கு ஊரிலேயே ஒரு விசா கொடுப்பார்கள், அதற்கு வி.டி.ஆர். என்று பெயர், ஊரில் ‘காலிங்’ என்றால்தான் புரியும். அதோடு வந்து இறங்கி, 30 நாளுக்குள் ஃபோமெமா என்ற மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் பாஸ்.

இன்னொரு யோசனையும் சொல்வார்கள். 30 நாள் முடியுமுன் தாய்லாந்தின் ஹாட்யாயோ சிங்கப்பூரோ போய்த் திரும்பினால் புதிதாக 30 நாள் கிடைக்கும் என்று. பினாங்கில் இருப்பவர்கள் ஹாட்யாய்க்கு வேனில் போய்வருவது எளிது என்பதால் அங்கே இது அதிகம். முத்திரை குத்துவதும் குத்தாததும் அந்த அதிகாரியின் முடிவு. அடிக்கடி வந்துபோகிறவரைச் சந்தேகப்பட்டு ‘இறங்க அனுமதியில்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடலாம். அதைத்தான் இங்கே என்.டி.எல். என்கிறார்கள்.

பாஸ் யாருடையது?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள். பாஸில் இருப்பது உங்கள் பெயர், உங்கள் முகம். ஆனால் அதற்கு விண்ணப்பித்தவர் உங்கள் முதலாளி. புதுப்பிக்கிறவரும் அவர்தான். நீங்களாகப் போய் வரிசையில் நின்று உங்கள் வேலைப் பாஸைப் புதுப்பிக்க முடியாது.

வாடகை வீட்டில் மின்சாரக் கட்டணம் வீட்டுக்காரர் பெயரில் வரும் அல்லவா? அவர் கட்டாமல் விட்டால் இருட்டில் உட்கார்வது குடியிருக்கிறவர். இங்கேயும் அப்படித்தான். முதலாளி மறந்தாலும், வேண்டுமென்றே தள்ளிப்போட்டாலும், தெருவில் சோதனை நடக்கும்போது பிடிபடுவது தொழிலாளி. முதலாளிக்கும் தண்டனை உண்டு: செல்லுபடியாகும் பாஸ் இல்லாதவரை வேலைக்கு வைத்தால் ஓர் ஆளுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் கடை சாத்தியபின் லாரியில் ஏற்றப்படுகிறவர் யார் என்பதை மஸ்ஜித் இந்தியா பகுதியில் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பாஸ் முதலாளியோடு கட்டப்பட்டிருப்பதால் இன்னொன்றும் நடக்கிறது. அந்த முதலாளியிடம், அந்தத் துறையில் மட்டுமே நீங்கள் வேலை செய்யலாம். பகலில் தொழிற்சாலை, இரவில் அண்ணன் கடையில் உதவி என்றால் பாஸ் கையில் இருந்தும் நிபந்தனை மீறல்தான். ‘பர்மிட் இருக்கிறவனை ஏன் பிடித்தார்கள்’ என்று பலர் கேட்பது இதனால்.

அப்புறம், பாஸ் ஓர் உரிமை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எந்தப் பாஸையும் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யக் குடிநுழைவுத் துறை (இமிக்ரேஷன்) தலைமை இயக்குநருக்குச் சட்டம் அதிகாரம் தருகிறது.

ஆக, பாஸில் பெயர் உங்களுடையது, விண்ணப்பம் முதலாளியுடையது, முடிவு குடிநுழைவுத் துறையுடையது.

புதுப்பித்தல் எப்படி நடக்கிறது

இங்கே கார், மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ரோட் டெக்ஸ் என்ற சாலை வரி எடுக்கப் போனால் முதலில் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது இல்லாமல் இது நகராது. பாஸும் அதே மாதிரி அடுக்கடுக்கானது. அடியில் இருப்பது ஆடினால் மேலே இருப்பது நிற்காது.

அடியில் இருப்பது கடப்பிதழ். அதற்கு மேல் மருத்துவம்: முதல் ஆண்டுகளில் புதுப்பிக்கும்போது மறுபடியும் ஃபோமெமா போக வேண்டும். காசநோய் போன்ற சில நோய்கள் தெரிந்தால் ‘தகுதியில்லை’ என்று முடிவு வரும். கர்ப்பமாக இருக்கும் பெண்ணுக்கும் அதே முடிவுதான் என்பது எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. அதற்கு மேல் மருத்துவமனைக் காப்புறுதி. பிறகு லெவி. லெவி என்பது வெளிநாட்டுத் தொழிலாளரை வைத்திருப்பதற்கு முதலாளி அரசுக்கு ஆண்டுதோறும் கட்டும் வரி. தீபகற்ப மலேசியாவில் தொழிற்சாலை, கட்டுமானம், சேவைத் துறைக்கு 1,850 ரிங்கிட், தோட்டத்துக்கும் விவசாயத்துக்கும் 640 ரிங்கிட். 2018 ஜனவரி முதல் இதை முதலாளியே கட்ட வேண்டும் என்பது விதி. ‘லெவிக்குப் பிடித்தேன்’ என்று சம்பளத்தில் மாதாமாதம் வெட்டினால் கேள்வி கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு.

தற்காலிக வேலைப் பாஸைக் காலாவதியாவதற்கு மூன்று மாதம் முன்பே புதுப்பிக்க ஆரம்பிக்கலாம். ஆரம்பிக்கவும் வேண்டும். மெடிக்கலில் ஏதாவது வந்து மேல்முறையீடு செய்ய வேண்டியிருந்தால் அந்த மூன்று மாதமே போதாமல் போகும்.

இந்த அடுக்கில் பெரும்பாலோர் கவனிக்காதது கடப்பிதழின் தேதி. என் அனுபவத்தையே சொல்கிறேன். இரண்டாவது முறை புதுப்பித்தபோது எனக்கு இரண்டு ஆண்டு பாஸ் வரும் என்று காத்திருந்தேன். வந்தது ஓராண்டும் சில மாதமும்தான். நான் செய்த வேலையிலோ சம்பளத்திலோ எந்தக் குறையும் இல்லை. என் கடப்பிதழ் அதோடு முடிகிறது. பாஸ் கடப்பிதழைத் தாண்டி நீளாது. நிறுவனத்தில் தாள்களைப் பார்த்துக்கொண்ட அலுவலருக்கு இது தெரிந்தே இருந்தது, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முன்கூட்டிச் சொல்லியிருந்தால் இந்தியத் தூதரகம் வழியாகக் கடப்பிதழை முதலில் புதுப்பித்திருப்பேன். மனைவி, மகளின் பாஸும் என்னுடையதோடு சேர்ந்து அதே நாளில் முடிந்தன. ஒரே ஆண்டில் மூன்று பேருக்கும் எல்லாவற்றையும் மறுபடி செய்தோம்.

இப்போது பல வகைப் பாஸ்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை, மின்னணு வடிவில்தான் கொடுக்கிறார்கள். அதைக் கைபேசியில் வைத்திருங்கள், ஒரு பிரதியை ஊரில் உள்ளவருக்கும் அனுப்பி வையுங்கள்.

‘ப்ராசஸிங்ல இருக்கு’

இந்த ஒரு வரியை நம்பி மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். பூச்சோங்கில் ஒரு பட்டறையில் வேலை செய்த அண்ணன் ஒருவர், முதலாளியின் ஏஜென்ட் கொடுத்த ரசீதை லேமினேட் செய்து பையிலேயே வைத்திருந்தார். ரசீதில் அவர் பெயர், தொகை, ஒரு முத்திரை எல்லாம் இருந்தன. விண்ணப்பம் மட்டும் போடப்படவே இல்லை.

ரசீது பணம் கட்டியதைக் காட்டும். விண்ணப்பம் கேட்டிருப்பதைக் காட்டும். பாஸ் மட்டுமே தங்கலாம் என்று சொல்லும். சோதனைக்கு வரும் அதிகாரி உங்கள் கடப்பிதழ் எண்ணைத் தன் கணினியில் தட்டுவார். அங்கே என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு.

நீங்களும் பார்க்கலாம். குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர் விண்ணப்ப நிலையைக் கடப்பிதழ் எண்ணும் நாடும் கொடுத்துத் தேடும் வசதி உண்டு. பக்கம் மலாயில் இருந்தால் கூட வேலை செய்யும் மலேசிய நண்பரைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். யாரும் மறுக்கமாட்டார்கள்.

பாஸ் செத்துப்போனால்

இங்கே எதுவும் காலாவதியானால் ‘செத்துப் போச்சு’ என்பார்கள். பாஸ் செத்த மறுநாளிலிருந்து நீங்கள் கூடுதலாகத் தங்கியவர். 1959/63 குடிநுழைவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு இதற்கு 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. பாஸே இல்லாமல் நுழைந்தவருக்கு 6ஆம் பிரிவு. அதில் ஆறு வரை பிரம்படியும் உண்டு. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ‘ரெண்டு மாசம்தானே, அபராதம் கட்டிக்கலாம்’ என்று சிலர் எளிதாகச் சொல்வதால் சொல்கிறேன்.

நேரம் போதாமல் போனவர்களுக்கு ‘ஸ்பெஷல் பாஸ்’ என்று ஒன்று உண்டு. கிளம்பவோ, ஒரு விஷயம் முடியும் வரை காத்திருக்கவோ கொடுக்கும் குறுகிய கால அனுமதி, கட்டணம் 100 ரிங்கிட். அதில் தங்கலாம், வேலை செய்ய முடியாது. சம்பள பாக்கிக்காகத் தொழிலாளர் துறையில் புகார் கொடுத்துவிட்டுப் பாஸையும் இழந்தவர்கள் இதில்தான் நாளை ஓட்டுகிறார்கள். வழக்கு முடிய மாதக்கணக்காகும், சம்பாதிக்கவும் வழியில்லை. பலர் பாக்கியை விட்டுவிட்டு ஊருக்குப் போவதற்குக் காரணம் பயம் இல்லை, பசி.

‘பொது மன்னிப்பு வரும்’ என்ற பேச்சு எப்போதும் காற்றில் இருக்கும். சில திட்டங்கள் வந்தது உண்மைதான்: 2011இல் 6பி, 2020 கடைசியில் தொழிலாளர் மறுசீரமைப்புத் திட்டம், 2024 மார்ச்சில் 500 ரிங்கிட் வரை அபராதம் கட்டித் தாமாக ஊர் திரும்பும் திட்டம். ஒவ்வொன்றுக்கும் தனி நிபந்தனை, தனிக் கடைசி நாள். அடுத்தது வரும் என்று நம்பிக் காத்திருப்பது திட்டமாகாது.

முதலாளி அனுப்பிவிட்டால், கடப்பிதழை வைத்துக்கொண்டால்

பாஸ் காலம் மீதம் இருக்கும்போதே முதலாளி உங்களை வேலையிலிருந்து எடுத்தால், அவர் குடிநுழைவுத் துறையில் ‘செக் அவுட் மெமோ’ வாங்குவார். இந்தத் தொழிலாளியின் கணக்கை முடித்துக்கொள்கிறேன் என்று அறிவிக்கும் தாள் அது. அதன்பின் நீங்கள் ஊர் திரும்ப வேண்டியவர். பாஸில் பழைய தேதி எவ்வளவு தள்ளி இருந்தாலும் அது உதவாது.

கடப்பிதழை முதலாளி பூட்டி வைப்பதை வழக்கம் என்றே நம்மவர்கள் நினைக்கிறார்கள். 1966 கடப்பிதழ்ச் சட்டத்தின்படி மற்றவருடைய கடப்பிதழைச் சட்டபூர்வக் காரணம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை. புதுப்பிக்கும் வேலைக்காகச் சில நாள் கொடுக்கலாம். கொடுத்த தேதியையும் வாங்கியவர் பெயரையும் வாட்ஸாப்பில் எழுதி அனுப்பி, ‘சரி’ என்று ஒரு பதில் வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாப் பக்கத்துக்கும் படம் எடுத்து வையுங்கள்.

குடும்பம், படிப்பு, கல்யாணம்

மனைவி, பிள்ளைகளுக்குக் கிடைக்கும் சார்ந்தோர் பாஸ் உங்கள் எம்ப்ளாய்மென்ட் பாஸைப் பற்றிய கொடி. பந்தல் சாய்ந்தால் அதுவும் சாயும். மாணவர் பாஸ் அந்தக் கல்லூரியோடு கட்டப்பட்டது. விண்ணப்பம் கல்லூரி வழியாக இ.எம்.ஜி.எஸ். என்ற அமைப்புக்குப் போகும்.

மலேசியரைக் கல்யாணம் செய்தவருக்கு நீண்டகாலச் சமூக வருகைப் பாஸ். ஐந்து ஆண்டு தொடர்ந்து இருந்தபின் என்ட்ரி பர்மிட்டுக்கு விண்ணப்பிக்கலாம். கல்யாணமானவுடன் குடியுரிமை என்று ஊரில் பேசிக்கொள்வது தவறு. சிவப்பு அட்டை கிடைத்தாலும் அது குடியுரிமை ஆகாது, ஓட்டும் கிடையாது.

அந்தத் தம்பி

அவர் 27ஆம் நாள் திருச்சி விமானம் ஏறினார். முத்திரைக் காலத்துக்குள் போனதால் விமான நிலையத்தில் எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஏஜென்டிடம் கொடுத்த பணம் போனதுதானா என்று கேட்டார்.

இந்தியச் சட்டத்தில் அதற்கு ஒரு வாசல் இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983 குடிபெயர்வுச் சட்டத்தின்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதன் மீதான வரியும்தான். உரிமம் உண்டா என்பதை இ-மைக்ரேட் என்ற அரசுத் தளத்தில் பார்க்கலாம். கடப்பிதழில் இ.சி.ஆர்., அதாவது ‘குடிபெயர்வு அனுமதிச் சோதனை தேவை’, என்று குறித்திருந்தால் மலேசியாவுக்கு வேலைக்கு வர அதே தளம் வழியாக அனுமதி வாங்க வேண்டும். விசிட்டில் அனுப்பும் ஏஜென்டுகள் தவிர்க்கப் பார்ப்பது அந்த அனுமதியைத்தான். புகாரைச் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். பணம் அனுப்பிய வங்கிச் சீட்டு, ஏஜென்டின் குரல் பதிவு, விமான டிக்கெட் மூன்றையும் அவரும் நானும் உட்கார்ந்து ஒரே கோப்பில் சேர்த்தோம்.

கிளம்பும் முன் கேட்டார். “அடுத்த தடவை ஒருத்தன் காலிங் வந்துடுச்சுன்னு சொன்னா, மொதல்ல என்ன கேக்கணும்ண்ணே?” தாளைக் காட்டச் சொல், அதில் எந்த முதலாளி, எந்தத் துறை, எத்தனை மாதம் என்று போட்டிருக்கிறதா என்று பார், காசைப் பற்றிப் பிறகு பேசு என்றேன். அதைக் கைபேசியில் குரலாகவே பதிந்துகொண்டு பேருந்து ஏறினார்.